நைஸ்: அறியாமையில் பிறந்த ஒரு பாராட்டுச் சொல்

ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பதும் ஒரு சொல் பல பொருள்களைச் சுமந்து நிற்பதும் எல்லா மொழிகளுக்கும் பொதுவான இயல்புகளே என்றாலும், இவ்விரண்டையும் பெயரிட்டுப் பிரித்துப் பார்க்கும் மரபு தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியத்தின் எச்சவியல் திரிசொல்லை, ஒரே பொருளைக் குறிக்கும் வெவ்வேறு சொற்கள் என்றும், வெவ்வேறு பொருள்களைக் குறிக்கும் ஒரே சொல் என்றும் இரு வகையாக்குகிறது. திவாகர நிகண்டோ தன் பன்னிரண்டு தொகுதிகளில் முதற் பத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பல பெயர்களை அடுக்கிவிட்டு, பதினோராம் தொகுதியை ஒருசொல் பல்பொருட்பெயருக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. இத்தகைய தெளிவான பாகுபாட்டில் பழகியவர்கள் ஆங்கிலத்தைக் கற்கப் புகும்போது, அருஞ்சொற்களைவிட எளிய சொற்களே அவர்களை அதிகம் அலைக்கழிக்கின்றன. 'நைஸ்' அப்படிப்பட்ட ஒரு சொல். ஆங்கிலம் பேசும் குழந்தை மிக இளம் வயதிலேயே கற்றுக்கொள்ளும் இச்சொல்லுக்கு, அகராதியில் 'நல்ல', 'இனிய', 'அன்பான', 'நேர்த்தியான', 'நுட்பமான' என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. இவை எல்லாம் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன, இதன் இடத்தில் வைக்கத்தக்கவை என்று சொல்லப்படும் ஒருபொருட் பன்மொழிகள் உண்மையில் இதற்கு ஈடாகின்றனவா, அன்றாடப் பேச்சில் இது செய்யும் வேலை என்ன என்னும் வினாக்கள் தனித்தனியானவை போலத் தோன்றினாலும் ஒன்றின் விடையில்லாமல் மற்றொன்றுக்கு விடை கிடைப்பதில்லை.

பிறப்பிலிருந்து தொடங்குவது முறை. இலத்தீனில் 'அறிதல்' என்று பொருள்படும் 'ஸ்கீரே' என்னும் வினைக்கு முன் 'நெ' என்னும் எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து, 'அறியாதவன்' என்னும் பொருளில் 'நெஸ்கியுஸ்' என்ற சொல் உருவாயிற்று. அறிவியலைக் குறிக்கும் 'சயின்ஸ்' என்னும் சொல்லும் இதே வினையிலிருந்து பிறந்ததுதான் என்பதால், வேரளவில் 'சயின்ஸ்' அறிவாகவும் 'நைஸ்' அறியாமையாகவும் நிற்கின்றன. இச்சொல் பழைய பிரெஞ்சில் தேய்ந்து, பேதையைக் குறிக்கும் வழக்காகி, ஏறத்தாழ 1300ஆம் ஆண்டையொட்டி அதே பொருளோடு ஆங்கிலத்துக்குள் வந்தது. 1400இல் மறைந்த கவிஞர் சாசரின் படைப்புகளில் ஒருவரை இச்சொல்லால் குறித்தால், அவர் மூடர் அல்லது மூடத்தனமாக நடந்துகொள்பவர் என்று கொள்ள வேண்டிய இடங்கள் பல உள்ளன.

அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் இச்சொல் சென்ற வழிகளை ஒரே நேர்கோட்டில் வரைந்து காட்ட முடியாது. பல பொருள்கள் ஒரே காலத்தில் வழங்கின, சில ஒன்றுக்கொன்று முரணாகவும் இருந்தன. அறிவில்லாதவரின் நடத்தை வரம்பு மீறியது என்னும் எண்ணத்திலிருந்து ஆடம்பரமான உடை, ஒழுக்கக் குறைவு ஆகியவற்றைக் குறிக்கும் பொருள் கிளைத்தது. உலகம் அறியாதவர் கூச்சப்படுவார் என்னும் எண்ணத்திலிருந்து, முன்னதற்கு நேர் எதிரான நாணமும் ஒதுங்கும் இயல்பும் இச்சொல்லின் பொருளாயின. கூச்சமுடையவர் எதையும் எளிதில் ஏற்கமாட்டார் என்பதால், பொறுக்கி எடுக்கும் குணமும் எதிலும் குறை காணும் குணமும் அதனுள் புகுந்தன. பொறுக்கி எடுப்பவர் சிறு வேறுபாட்டையும் கவனிப்பவர் ஆதலால், 16ஆம் நூற்றாண்டில் நுண்மை, துல்லியம் ஆகிய பொருள்கள் வலுப்பெற்றன. நுண்மை என்பது சிறுமையும் ஆகலாம் அல்லவா? ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், ரோமியோவுக்குப் போய்ச் சேராமல் திரும்பிய கடிதத்தைப் பற்றித் துறவி லாரன்ஸ் பேசும்போது, அது அற்பமான செய்தியைக் கொண்டதன்று என்று சொல்வதற்கு 'நைஸ்' என்னும் சொல்லின் மறுப்பையே பயன்படுத்துகிறார். இன்றைய பொருளோடு அந்த இடத்தைப் படிப்பவருக்கு, கடிதம் இனிமையானதாக இல்லை என்று சொல்வது போலத் தோன்றி, காட்சியின் அவலமே பிறழ்ந்துவிடும்.

மூடத்தனத்தைக் குறித்த சொல் நாணத்தையும் மென்மையையும் குறிப்பதாக மாறியது ஐரோப்பிய மொழிகளுக்கே உரிய விநோதம் என்று கருதத் தேவையில்லை. தமிழில் 'மடம்', 'மடமை' என்பன அறியாமையைக் குறிப்பவை. ஆனால் அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்பாற் குணங்களாக மரபு எண்ணிய நான்கனுள் ஒன்றாகவும் அதே 'மடம்' இடம்பெற்றது. அறிந்தும் அறியாதது போன்றிருத்தல் என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. 'மட' என்னும் அடைமொழி இலக்கியத்தில் அன்னத்துக்கும் மயிலுக்கும் மானுக்கும் அடையாகி, இளமை, மென்மை, அழகு என்னும் பொருள்களில் வழங்கியது. 'மடந்தை' என்னும் சொல்லும் அவ்வாறே பழியின் சாயல் இன்றி நிலைத்தது. அறியாமையிலிருந்து மென்மைக்கும் மென்மையிலிருந்து அழகுக்கும் செல்லும் பாதையை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு சமூகங்கள் தனித்தனியே நடந்து கடந்திருக்கின்றன. பெண்ணின் அறியாமையை அழகாகக் கொண்டாடிய மனநிலை இரண்டு இடங்களிலும் இருந்தது என்பதும் இதனால் வெளிப்படுகிறது. சொற்பொருள் வரலாறு சமூகத்தின் மனச்சாய்வுகளையும் சேர்த்தே பதிவு செய்துவிடுகிறது.

எதிர்த்திசையில் சென்ற சொற்களும் உண்டு. 'சில்லி' என்றால் இன்று அறிவற்ற என்று பொருள்; பழைய ஆங்கிலத்தில் அதன் மூலவடிவம் பேறு பெற்ற, மகிழ்ச்சியான என்று பொருள்பட்டது. 'நைஸ்' படியேறிய அதே காலத்தில் 'சில்லி' படியிறங்கியது. தமிழில் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' இன்று தீய மணத்தை மட்டுமே குறிப்பது இவ்வகைச் சரிவுக்கு எல்லாரும் அறிந்த சான்று. பொருள் உயர்வதை உயர்பொருட்பேறு என்றும் பொருள் தாழ்வதை இழிபொருட்பேறு என்றும் மொழியியலார் குறிப்பர்.

18ஆம் நூற்றாண்டுதான் இச்சொல்லின் வரலாற்றில் திருப்பம் நிகழ்ந்த காலம். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, மிகச் சிறிய வேறுபாட்டையும் விடாமல் கணிக்கும் நுண்ணிய தீர்ப்புத்திறன் என்பதையே இதன் முதற்பொருளாக வைத்து, எச்சரிக்கை, எளிதில் ஊறுபடும் மென்மை, செம்மை முதலியவற்றைத் தொடர்ந்து தருகிறது. 'இனிய' என்று இன்று வழங்கும் பொதுப்பொருள் அதில் இடம்பெறவில்லை. ஆனால் அந்நூற்றாண்டு முடிவதற்குள் கடிதங்களிலும் உரையாடல்களிலும் நடை, உணவு, மனிதர், பொழுது என எதற்கும் இதை அடையாக்கும் வழக்கம் பரவிவிட்டது. அவ்வழக்கத்தை எதிர்த்த குரலும் உடனே எழுந்தது. அதன் மிகச் சிறந்த பதிவு இலக்கணநூலில் இல்லை, ஒரு நாவலில் இருக்கிறது.

ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி' 1790களின் இறுதியில் எழுதப்பட்டு, ஆசிரியர் மறைந்த 1817ஆம் ஆண்டின் முடிவில்தான் அச்சேறியது. அதில், பாத் நகரை அடுத்த பீச்சன் குன்றை நோக்கி நடந்து செல்லும் வேளையில், கேத்தரின் என்னும் இளம்பெண் தனக்குப் பிடித்த ஒரு நாவலை 'நைஸ்' என்று புகழ, ஹென்றி டில்னி அவளை மடக்குகிறான்: நூலின் அட்டைக்கட்டு நேர்த்தியாக இருப்பதைச் சொல்கிறாளோ என்று கேட்டு, நாள், நடை, பெண்கள் என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்லைப் போட்டு ஒப்பேற்றும் வழக்கத்தைச் சாடுகிறான். நேர்த்தி, தகுதி, நுண்மை, செம்மை ஆகியவற்றைக் குறிக்கவே இச்சொல் தொடக்கத்தில் வழங்கியது என்பது அவன் வாதம். அவனுடைய தங்கை குறுக்கிட்டு, இனியும் பிழை செய்தால் ஜான்சனையும் பிளேரையும் மேற்கோள் காட்டி வழி முழுவதும் வாட்டிவிடுவான் என்று கேத்தரினை எச்சரிக்கிறாள். பிளேர் என்பவர் 1783இல் அணியியல் பற்றிய சொற்பொழிவுகளை வெளியிட்ட ஸ்காட்லாந்து அறிஞர் ஹியூ பிளேர்.

இக்காட்சியில் கவனிக்க வேண்டியது ஹென்றி செய்யும் தவறு. தொடக்கப்பொருள் என்று அவன் முன்வைக்கும் நேர்த்தியும் நுண்மையும் தொடக்கத்தில் இருந்தவை அல்ல. அவன் பாட்டன் காலத்தில் இருந்தவை. உண்மையான தொடக்கத்துக்குப் போயிருந்தால், அழகிய நாளையும் அழகிய நடையையும் மூடத்தனமானவை என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். ஒரு சொல்லின் வேர்ப்பொருளே அதன் மெய்ப்பொருள் என்று வாதிடுவதை வேர்ச்சொல் மயக்கம் எனலாம். அம்மயக்கத்திற்கு ஆட்பட்டவர்கள் பெரும்பாலும் வேர்வரை தோண்டுவதுமில்லை, தங்களுக்கு முந்தைய தலைமுறையின் வழக்கை எட்டியதும் நின்றுவிடுகிறார்கள். தமிழில் தூய வழக்குப் பற்றி நடக்கும் வாதங்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும்.

ஹென்றி எழுப்பிய முறையீடு பின்னரும் ஓயவில்லை. 1926இல் ஆங்கில வழக்கு பற்றிய தம் அகராதியை வெளியிட்ட ஃபௌலர், இச்சொல் தன் தனித்தன்மையை இழந்து மங்கலான இனிமையைப் பரப்பும் கருவியாகிவிட்டது என்று வருந்தி, அதற்குப் பெண்கள் இதன்மீது கொண்ட அளவற்ற விருப்பத்தைக் காரணமாக்கினார். ஆண்களும் பெண்களும் ஒருங்கே பயன்படுத்திய சொல்லின் தேய்வுக்கு ஒரு பாலாரை மட்டும் பொறுப்பாக்கியது நியாயமற்றது. ஆங்கிலப் பள்ளிகளில் கட்டுரை எழுதும் மாணவர்கள் 'நைஸ்' என்று எழுதினால் வேறு சொல் போடச் சொல்லும் ஆசிரியர்களின் அறிவுரையில் ஓரளவு நியாயம் உண்டு: ஒரு காட்சியைக் கண்முன் நிறுத்த வேண்டிய இடத்தில் இச்சொல் எதையும் காட்டுவதில்லை. ஆனால் எழுத்தில் குறையாவதே பேச்சில் இதன் பயனாக அமைகிறது. இதற்கு மாற்றாகக் கூறப்படும் சொற்களை உரசிப் பார்த்தால் அது தெளிவாகும்.

ஒருபொருட் பன்மொழிகளைத் தொகுத்து வேறுபாடு காட்டும் முயற்சி ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேகம் பெற்றது. ஜான்சனின் தோழியாக இருந்த ஹெஸ்டர் பியோஸி 1794இல் 'பிரிட்டிஷ் சினானிமி' என்னும் நூலை வெளியிட்டு, அன்றாட உரையாடலில் சொல்தேர்வை நெறிப்படுத்த முயன்றார். 1816இல் ஜார்ஜ் கிராப் விரிவான விளக்கங்களோடு இன்னொரு நூலைத் தந்தார். 1852இல் மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜே, தம் எழுபத்து மூன்றாம் வயதில், சொற்களை அகரவரிசையை விட்டுக் கருத்துவரிசையில் ஆறு பெரும் பிரிவுகளிலும் ஆயிரம் தலைப்புகளிலும் அடுக்கிய தெசாரஸை வெளியிட்டார். தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் என்று பொருள்வாரியாக அடுக்கிய தமிழ் நிகண்டுகளுக்கு அது நெருங்கிய உறவு. இரண்டுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு: சொற்களை அருகருகே நிறுத்துகின்றனவே அன்றி அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியை இவை சொல்வதில்லை. மொழியை ஏற்கெனவே அறிந்தவர் மறந்த சொல்லை மீட்டெடுக்க இவை உதவும். புதிதாகக் கற்பவரை வழிதவறச் செய்யும்.

இடைவெளியை அறிய எளிய வழி பதிலீட்டுச் சோதனை, அதாவது ஒரே தொடரில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்துப் பார்த்தல். ஒரு மனிதரை 'நைஸ்' என்பதற்கும் 'கைண்ட்' என்பதற்கும் உள்ள வேறுபாடு இவற்றுள் முதன்மையானது. 'கைண்ட்' என்பவர் பிறருக்காக ஏதேனும் செய்கிறவர். அவர் முகம் கடுமையாக இருக்கலாம், பேச்சு சுருக்கமாக இருக்கலாம். 'நைஸ்' என்பவர் பழகுவதற்கு இனியவர். இடுக்கண் வரும்போது உடன் நிற்பார் என்னும் உறுதியை அச்சொல் தருவதில்லை. 'குட்' என்பதோ இவ்விரண்டையும் தாண்டி ஒழுக்கத்தை எடைபோடுவது. ஆகவே ஒருவரை 'நைஸ்' என்று மட்டும் சொல்லி நிறுத்தும்போது, கேட்பவர் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்று புரிந்துகொள்வதும் உண்டு. 'பிளசன்ட்' புலன்களுக்கு இதமானதைச் சொல்லும். ஆனால் நண்பர் அடித்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும்போது 'நைஸ்' என்று கூவுகிறவர் அங்கே 'பிளசன்ட்' என்று கூவமாட்டார். 'லவ்லி' அன்பு என்னும் வேரிலிருந்து வந்ததால் இன்னும் வெப்பம் மிகுந்தது. 'அக்ரீயபிள்' இன்று எழுத்துநடைக்கு உரியதாகி, இணங்கத் தயாரானவர் என்னும் பொருளையும் ஏற்றுள்ளது. 'ஃபைன்' நுண்மைப் பொருளில் 'நைஸ்' என்பதற்கு மிக நெருங்கியது என்றாலும், நலம் விசாரிக்கும்போது விடையாக வரும் 'ஃபைன்' குறையொன்றுமில்லை என்பதற்கு மேல் எதையும் உணர்த்தாது. 'ப்ரிட்டி' கண்ணுக்கு மட்டும் உரியது. அதன் பழம்பொருள் தந்திரம் என்பது தனிக்கதை.

இவற்றில் எந்த ஒன்றும் 'நைஸ்' நிற்கும் எல்லா இடங்களிலும் நிற்பதில்லை. 'நைஸ்' மட்டும் ஏறக்குறைய இவை எல்லாவற்றின் இடத்திலும், சற்றே வலிமை குறைந்து, நிற்கிறது. அந்த வலிமைக் குறைவுதான் அன்றாடப் பேச்சில் அதன் பலம். முதன்முறை சந்திப்பவரிடம் சந்தித்ததில் மகிழ்ச்சி என்று சொல்லவும், பிரியும்போது நாள் இனிதாகட்டும் என்று வாழ்த்தவும், தோற்றவரின் முயற்சியை மனம் நோகாமல் மெச்சவும், சண்டையிடும் குழந்தைகளை ஒழுங்காக இருக்கச் சொல்லவும் ஆங்கிலேயர் இதையே எடுக்கின்றனர். உறவு ஆழமாகாத நிலையில் மிகையான புகழ்ச்சி கேட்பவரைச் சங்கடப்படுத்தும், மௌனம் புண்படுத்தும், இடையில் உள்ள குறுகிய இடத்துக்கு இச்சொல் அளவாகப் பொருந்துகிறது.

வேறு சில வழக்குகளுக்கும் தனி இலக்கணம் உண்டு. பல அடைகள் அடுக்கி வரும் தொடரில் இது முன்னே நிற்கும்: மதிப்பீட்டைச் சொல்லும் அடை, அளவு, வயது, நிறம் ஆகியவற்றைச் சொல்லும் அடைகளுக்கு முந்துவது ஆங்கில வழக்கு. 'அண்ட்' என்னும் இணைப்புச்சொல்லோடு சேர்ந்து 'நைஸ் அண்ட் வார்ம்' என்று வரும்போது, இணைப்புச்சொல் இருந்தும் இரண்டு பண்புகள் அங்கே சொல்லப்படுவதில்லை. வெதுவெதுப்பு வேண்டிய அளவுக்கு இருக்கிறது என்னும் ஒரே செய்திதான் உள்ளது. 'நல்ல வெயில்', 'நல்ல பசி', 'நல்ல இருட்டு' என்னும் தமிழ்த் தொடர்களில் 'நல்ல' என்பது நன்மையைக் கைவிட்டு மிகுதியைக் குறிக்க வருவது இதற்கு இணை. வேண்டாத ஒன்று நிகழ்ந்தபோது குரலை மாற்றி 'நைஸ்' என்பது, தமிழில் 'நல்ல காரியம் செய்தாய்' என்று கடிந்துகொள்வதை ஒக்கும். இவற்றுக்கு நடுவே பழைய நுண்மைப் பொருளும் அழியவில்லை. சட்டத்தில் எழும் நுட்பமான ஐயத்தையும், இரு கருத்துகளுக்கிடையே உள்ள நூலிழை வேறுபாட்டையும் இச்சொல்லால் குறிப்பது கற்றோர் எழுத்தில் இன்றும் தொடர்கிறது. அங்கே இதை 'இனிய' என்று மொழிபெயர்த்தால் பொருள் முழுவதும் கெடும்.

இச்சொல் தமிழுக்குள்ளும் வந்து குடியேறியிருக்கிறது. வந்த இடத்தில் அது கொண்ட பொருள்கள் ஆய்வுக்கு மிகவும் உரியவை. ஆங்கிலத்தில் மிகப் பரவலான 'இனிய' என்னும் பொருள் தமிழ்ப் பேச்சிலும் வழங்குகிறது என்றாலும், தமிழுக்கே உரியதாக வேரூன்றியவை வேறு இரண்டு. அடுப்படியில் மாவையோ சட்டினியையோ 'நைசாக அரைக்க' வேண்டும் என்கிறபோது, திப்பி இல்லாமல் மிக நுண்ணியதாக என்று பொருள். 'கரகரப்பாக' என்பது அதன் எதிர்ச்சொல். ஜான்சன் பதிவு செய்த நுண்மைப் பொருளின் சாயலை, ஆங்கிலேயர் அன்றாடப் பேச்சில் பெரிதும் கைவிட்ட பின்னும், தமிழ்ச் சமையற்குறிப்புகள் காப்பாற்றி வருகின்றன. இரண்டாவது, 'நைசாக நழுவிவிட்டான்', 'நைசாகப் பேசிக் காசு வாங்கிக்கொண்டான்' என்பவற்றில் உள்ள பொருள்: ஓசைப்படாமல், பிறர் உணராதபடி, இதமாகப் பேசிக் காரியம் சாதிக்கும் விதமாக. ஆங்கிலத்தில் இப்பொருள் இதற்கு இல்லை.

இந்த இரண்டாம் பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தமிழில் ஏற்கெனவே இருந்த 'நைச்சியம்' என்னும் சொல் விளக்கம் தருவதாகக் கொள்ளலாம். தாழ்மை என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்த இது, வைணவ மரபில் அடியவன் தன்னைத் தாழ்த்திச் சொல்லிக்கொள்ளும் நைச்சியானுசந்தானத்தில் பக்திப்பொருளோடு வழங்குகிறது. உலக வழக்கிலோ 'நைச்சியமாகப் பேசி' என்பது குழைந்து பேசிப் பிறரை இணங்க வைப்பதைக் குறிக்கிறது. ஒலியில் நெருங்கிய இரு சொற்கள் ஒன்றன் பொருளை மற்றொன்றுக்குத் தருவது மொழிகளில் அடிக்கடி நிகழ்வது. அவ்வாறே, குழைதல், நசுங்கி மென்மையாதல் என்று பொருள்படும் 'நை' என்னும் தமிழ் வினையும், 'நைய இடித்தல்' போன்ற வழக்குகளின் மூலம், அரைக்கும் மாவின் பக்கம் இச்சொல்லை ஈர்த்திருக்க இடமுண்டு. ஒரு கடன்சொல் வெறுமையான நிலத்தில் விழுவதில்லை. ஒலியாலும் பொருளாலும் தன்னை ஒத்த சொற்கள் இருக்கும் பக்கத்திலேயே அது வேர்விடுகிறது.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சொல் இங்கே கைகொடுக்கிறது. 'நயம்' என்பது தரத்தின் உயர்வை 'நயம் பருப்பு', 'நயம் நெய்' என்னும் கடைவழக்கிலும், நுண்ணிய அழகை 'இலக்கிய நயம்' என்பதிலும், கனிவை 'நயமாகச் சொல்லுதல்' என்பதிலும், கனிவின் போர்வையில் மறைந்த சூழ்ச்சியை 'நயவஞ்சகம்' என்பதிலும் காட்டுகிறது. நுண்மை, இனிமை, இணக்கம் ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்குவதில் ஆங்கிலச் சொல்லுக்கு மிக அருகில் வருவது இதுவே. எனினும் அறிமுகமானவரிடம் மகிழ்ச்சி சொல்லவோ, பந்தாட்டத்தில் கூவவோ இது உதவாது. அங்கே 'அருமை', 'மகிழ்ச்சி', 'பலே' என்று வெவ்வேறு சொற்களுக்குத்தான் போக வேண்டும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்னும் கணக்கு இத்தகைய பொதுச்சொற்களிடம் செல்லாது.

தமிழ் மாணவர்களுக்கென ஆங்கிலச் சொற்பட்டியல் தொகுப்போர் 'நைஸ்' என்பதற்கு நேரே 'நல்ல, இனிய, அழகிய' என்று மூன்று சொற்களை எழுதி அடுத்த சொல்லுக்குப் போய்விடுவதைத் தவிர்த்து, மனிதரைப் பற்றி ஒன்று, பொருளைப் பற்றி ஒன்று, நுண்ணிய வேறுபாட்டைப் பற்றி ஒன்று என மூன்று முழு வாக்கியங்களையாவது அதனருகே அச்சிட வேண்டும்; தமிழகராதி தொகுப்போரும் அம்மியில் வழங்கும் 'நைசு' வேறு, ஆங்கிலேயர் கைகுலுக்கும்போது சொல்லும் 'நைஸ்' வேறு என்பதைத் தனித்தனிப் பதிவுகளாகக் காட்ட வேண்டும்.